நாற்பது மில்லிமீட்டர்

எமயோகி ஆற்றங்கரையில் இரண்டு கட்டடங்கள்.
நூலகம், சதுப்பில் இறக்கிய பைன் கட்டைகள்மேல்
நூற்றைம்பது வருஷமாய்
இன்னும் உட்கார்ந்து முடிக்கவில்லை.
எதிரே இயற்பியல் துறை. புதுக் கான்கிரீட். அசையாது.
நடுவே முற்றம்,
சைக்கிள்கள், ஒரு பிர்ச் மரம், யாரோ மறந்த கையுறை.

கௌப்போ அதன்மேல் ஒரு கோடு இழுத்தான்.
"கண்ணாடி. வேறொன்றும் வேண்டாம்.
நிமிர்ந்தால் வானம் மட்டும் தெரியட்டும்."
அழகான கோடு.
கோட்டுக்கு எடை கிடையாது.

எடை போடுவது என் வேலை.
சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ பனி.
நூலகச் சுவர் உயரம் என்பதால்
காற்று பனியை அந்த மூலையில் கொண்டுபோய்க் கொட்டும்:
அங்கே மட்டும் முந்நூறு.
கண்ணாடியின் சொந்த எடை எழுபத்தைந்து.
பிறகு, துடைக்க ஏறுகிற ஒருவன்,
அவன் வாளி,
வாளி கையிலிருந்து நழுவுகிற அந்த ஒரு நாள்.

இத்தனையும் கூட்டியபின்
கௌப்போவின் கோடு கொஞ்சம் தடித்தது.
இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

இருபத்தெட்டு மீட்டர் எஃகு
தை மாதக் குளிரில் விரற்கடை அளவு சுருங்கும்.
நூலகம் தன் பாட்டுக்கு இறங்கும்.
ஆகவே வடக்கு முனையைப் பிடி,
தெற்கு முனையை விடு.
பதினான்கு தாங்கிகளிலும் நீள்துளை,
நாற்பது மில்லிமீட்டர், போய்வர.
வரைபடத்தில் எழுதினேன்: இங்கே பற்றவைக்கக் கூடாது.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, மைனஸ் இருபத்தேழு,
இருநூற்றுப் பதினொன்றாம் கண்ணாடி வெடித்தது.
கீழே யாருமில்லை.
மேல்தகடு கல்லுப்பாய் நொறுங்கி,
உறைந்த பனி பிடித்துக்கொண்டதால்
விழாமல் அப்படியே கிடந்தது.

உருக்கும்போதே உள்ளே மாட்டிய நிக்கல் துணுக்கு
என்றார்கள்.
கடுகில் நூறில் ஒன்று; வருஷக்கணக்கில் காத்திருந்து வெடிக்கும்.
எனக்கும் அது வசதியான பதில்தான்.
துணுக்கு வெடித்தால் அந்த இடத்தில்
இரண்டு பெரிய சில்லுகள் ஒட்டி நிற்கும்,
வண்ணத்துப்பூச்சி போல.
கயிற்றில் தொங்கியபடி
விரல் மரத்துப்போகும்வரை தேடினேன்.
பூச்சி இல்லை.
விரிசல்கள் எல்லாம் விளிம்பிலிருந்தே புறப்பட்டிருந்தன,
ஏழாம் தாங்கியின் பக்கமிருந்து.

ஏழாம் தாங்கியில்
நீள்துளையை மூடி ஒரு பற்றவைப்பு.
சொல்லத்தான் வேண்டும், அருமையான வேலை:
சீராக அடுக்கிய காசுகள் போல,
ஒரு குமிழிகூட இல்லை.

நார்வாவிலிருந்து ரொதியோனை வரவழைத்தார்கள்.
தொப்பியைக் கையில் பிடித்து நின்றான்.
"ஆடிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
ஆடுகிறதை அப்படியே விட்டு
இறங்கிப் பழக்கமில்லை எனக்கு."
நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.
அவன் குனிந்து பார்த்தான்.
இரண்டு மில்லிமீட்டர் எழுத்து.
எஸ்தோனிய மொழியில்.
அவன் படிப்பது ருஷ்யன்.

மேசையைச் சுற்றி எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.
நான் எழுத்தைப் பார்த்தேன்.
அறிக்கையில் "காரணம்" என்ற கட்டத்தில்
என் பெயரைத்தான் போட்டேன்.
கௌப்போ தன் காபியை என் பக்கம் நகர்த்தினான்.

அரைத்தெடுக்க ரொதியோனே ஏறினான்.
தான் போட்ட தையலைத் தானே பிரிப்பதுபோல,
அவசரமில்லாமல், பொறி பறக்க.
கடைசித் துளி விடுபட்டபோது
கூரை முழுக்க ஒரு தரம்
"டக்" என்றது.
அவன் சிரித்தான். பல் ஒன்று தங்கம்.

இப்போது வெயில் ஏறும் காலைகளில் அது பேசுகிறது.
கட்டட மேலாளர் ஹெல்துர் எழுதியிருக்கிறார்:
அன்புள்ள ஊர்வெ,
கூரையில் சத்தம் கேட்கிறது,
தேர்வு எழுதும் மாணவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்,
நிறுத்த வழி உண்டா?

இன்னும் பதில் போடவில்லை.
நேற்று ஏறிப் பார்த்தேன்.
ஏழாம் தாங்கியில் பேனாவால் நான் கிழித்த கோட்டிலிருந்து
பதினொரு மில்லிமீட்டர் தள்ளி
வேறொரு கோடு, வேறு கை, சாக்குக்கட்டி.
பக்கத்தில் ருஷ்ய எழுத்தில் தேதி.